திறமைக்கும் சுங்கமா?

குடத்திலிட்ட விளக்கு, குன்றிலிட்ட விளக்கு என்று இரண்டைச் சொல்லி வைத்தார்கள் நம் முன்னோர். இரண்டிலும் எண்ணெய் ஒன்றே, திரி ஒன்றே, சுடரும் ஒன்றே. ஆனால் ஒன்று ஊருக்கே தெரிகிறது. மற்றொன்று குடத்துக்குள்ளேயே எரிந்து அணைகிறது. அப்படியானால் விளக்கைக் குன்றின்மேல் ஏற்றி வைப்பவர் யார்? அதற்குக் கூலி உண்டா? அக்கூலியைக் கொடுக்க இயலாத வீட்டு விளக்கின் கதி என்ன? அமெரிக்க நாட்டில் சாஃப்ட்பால் ஆடும் மாணவியர் கல்லூரியில் இடம் பெறும் முறையை எண்ணிப் பார்க்கும்போது இக்கேள்விகளே நம் உள்ளத்தில் எழுகின்றன.

சாஃப்ட்பால் நமக்கு முற்றிலும் புதிய ஆட்டம் அன்று. நம் நாட்டுப் பள்ளிகளிலும் ஆடப்படுவதே. 1887-இல் சிகாகோ நகரில் பிறந்த இவ்வாட்டத்தை பேஸ்பாலின் தங்கை எனலாம். அமெரிக்கப் பெண்களுக்கோ இது வெறும் பொழுதுபோக்கு அன்று. கல்லூரிக் கதவைத் திறக்கும் சாவியும் ஆகும்.

இச்சாவி அவர்கள் கைக்கு எளிதில் வந்துவிடவில்லை. அரசின் பணம் பெறும் எந்தக் கல்வி நிலையமும் பெண் என்ற காரணத்தால் ஒருவரை ஒதுக்கக் கூடாது என்னும் சட்டம் 1972 ஜூன் 23-ஆம் நாள் கையெழுத்தானது. அதற்காகப் பாடுபட்டவர்களுள் ஒருவர் ஹவாய் மாநிலத்தைச் சேர்ந்த பாட்சி மிங்க் அம்மையார். 2002-இல் அவர் மறைந்த பின் அச்சட்டத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1971-72-இல் அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடிய பெண்கள் 3 இலட்சத்துக்கும் குறைவு. இன்றோ 30 இலட்சத்துக்கும் மேல். ஒரு சட்டம் எத்தனை பெண்களை அடுப்பங்கரையிலிருந்து ஆடுகளத்துக்கு அழைத்து வந்துவிட்டது பாருங்கள்!

ஆனால் களத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கல்லூரிக்குப் போய்ச் சேர்வதில்லை. பள்ளிகளில் சாஃப்ட்பால் ஆடும் பெண்கள் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். முதல் தரப் பிரிவில் அணி வைத்திருக்கும் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களுமோ ஏறத்தாழ 300. ஓர் அணிக்கு 12 உதவித்தொகை என்பதே நெடுங்காலம் உச்ச வரம்பாக இருந்தது. அதையும் துண்டு துண்டாக்கிப் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பது வழக்கம். 2025-இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டுக்குப் பின், அதில் சேர்ந்த கல்லூரிகளில் இவ்வரம்பு நீங்கி, அணியில் 25 பேருக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி வந்துள்ளது. எப்படிப் பார்த்தாலும் வாசல் குறுகியது, வரிசை நீண்டது.

இந்த நீண்ட வரிசையிலிருந்து யாரை அழைப்பது என்று முடிவு செய்பவர் கல்லூரிப் பயிற்சியாளர். அவர் பள்ளி மைதானங்களுக்கு வந்து பார்க்கலாமே என்று நாம் கேட்கலாம். இங்கேதான் நாட்காட்டி குறுக்கே நிற்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் பள்ளிப் போட்டிகள் வசந்த காலத்தில் நடைபெறுகின்றன. கல்லூரிப் போட்டிகளும் பிப்ரவரியில் தொடங்கி, ஓக்லஹோமா நகரில் நடக்கும் இறுதிச் சுற்று வரை அதே காலத்தில்தான் நடக்கின்றன. தம் அணியை விட்டுவிட்டு அவர் எங்கே போவார்? கோடையிலும் இலையுதிர் காலத்திலும்தான் அவருக்கு நேரம் கிடைக்கிறது. அப்போது பெரும்பாலும் களத்தில் இருப்பவை பள்ளி அணிகள் அல்ல, பயண அணிகள்.

பயண அணி என்பது தனியார் கழகங்கள் நடத்தும் அணி. ஊர் ஊராக, மாநிலம் மாநிலமாகச் சென்று ஆடுவதால் இப்பெயர். பல மைதானங்கள் ஒருங்கே அமைந்த இடத்தில் இவ்வணிகள் நூற்றுக்கணக்கில் வந்து கூடும். கல்லூரிப் பயிற்சியாளர் குறிப்பேட்டுடன் வந்து அமர்ந்தால், இரண்டு மூன்று நாட்களில் எத்தனையோ வீராங்கனைகளைப் பார்த்துவிடலாம். சரக்கு வாங்குகிறவர் சந்தை கூடும் இடத்துக்குத்தான் போவார். அவரைக் குறை கூறி என்ன பயன்?

குறை எங்கே இருக்கிறது என்றால், அச்சந்தைக்குள் நுழையும் செலவில் இருக்கிறது. கழகக் கட்டணம், சீருடை, மட்டை, கையுறை, பெட்ரோல், விடுதி வாடகை, பந்து வீச்சுக்குத் தனிப் பாடம் என்று பட்டியல் நீள்கிறது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவிடும் பெற்றோர் பலர். உதவித்தொகை தேடிப் போகும் பெண்ணிடம் முதலில் பெருந்தொகை கேட்பது விந்தையிலும் விந்தை அன்றோ! கோடையில் தம்பி தங்கையரைக் கவனித்துக்கொள்ள வேண்டிய மூத்த மகள், கடையில் வேலை செய்து குடும்பத்துக்கு உதவும் மகள், இவர்களெல்லாம் எந்த வண்டியில் ஏறி எந்த ஊருக்குப் போவார்கள்?

அடுத்தது, பழக்கத்தின் வலிமை. பல கழகப் பயிற்சியாளர்கள் முன்னாள் கல்லூரி வீராங்கனைகள். அல்லது கல்லூரிப் பயிற்சியாளரோடு நெடுநாள் பழகியவர்கள். "இந்தப் பெண்ணைப் பாருங்கள்" என்று அவர்கள் சொல்லும் ஒரு சொல்லுக்கு மதிப்பு அதிகம். இச்சொல்லை நாம் முழுவதும் வெறுக்கவில்லை. இரண்டு ஆட்டங்களைப் பார்த்து ஒருத்தியின் கை வலிமையை அறியலாம். குணத்தை அறிய முடியுமா? தோற்ற நாளில் தோழியைத் தேற்றுகிறாளா, மழை நாளிலும் பயிற்சிக்கு வருகிறாளா என்பதை ஆண்டுக்கணக்கில் உடனிருந்தவரே அறிவார். அவர் சொல்வது ஒரு சாட்சியம். சாட்சியம் நல்லதே. ஆனால் பணம் கட்டியவளுக்கு மட்டுமே சாட்சி கிடைக்கும் என்றால், அது நீதியாகுமா?

சாட்சியம் விலைபோனால் என்ன நேரும் என்பதையும் அந்நாடே கண்டது. 2019 மார்ச் மாதம் அமெரிக்க நீதித் துறை 50 பேர்மீது வழக்குத் தொடர்ந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளை, ஆடத் தெரியாதபோதும், ஆட்டத் திறனுக்காகத் தேர்ந்தெடுத்ததாகக் காட்ட, கால்பந்து, டென்னிஸ், படகோட்டம் முதலிய ஆட்டங்களின் பயிற்சியாளர்கள் சிலர் கையூட்டுப் பெற்றது வெளிவந்தது. அது பயண அணிகளின் குற்றம் அன்று. ஆயினும் பயிற்சியாளரின் ஒரு சொல்லுக்குக் கதவு திறக்கும் இடத்தில், அச்சொல்லை விலை பேச வருவோரும் இருப்பர் என்பதற்கு அது போதிய எச்சரிக்கை.

முறையைத் திருத்த முடியாது என்பாரும் உளர். நாம் அதை ஏற்கவில்லை. ஒரு காலத்தில் எட்டாம் வகுப்புச் சிறுமியரிடம்கூடக் கல்லூரிகள் வாய்மொழி வாக்குறுதி பெற்று வந்தன. 2018-இல் என்.சி.ஏ.ஏ. எனப்படும் கல்லூரி விளையாட்டு அமைப்பு, முதல் தரப் பிரிவுப் பயிற்சியாளர்கள், மாணவி பதினோராம் வகுப்பில் சேரும் ஆண்டின் செப்டம்பர் 1-ஆம் நாளுக்கு முன் அவளோடு சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது என விதித்தது. பிள்ளைப் பருவத்தைக் காக்க ஒரு விதி செய்ய முடிந்தது என்றால், ஏழ்மையைக் காக்கவும் ஒரு விதி செய்ய முடியாதா?

கல்லூரிகள் ஆண்டில் சில நாட்களையாவது கட்டணமில்லாத் தேர்வு முகாம்களுக்கு ஒதுக்கலாம். கழகங்கள் தம் கட்டணத்தை வெளிப்படையாக அறிவித்து, அணிக்கு இரண்டு இடங்களையேனும் ஏழை மாணவியருக்கு இலவசமாகத் தரலாம். 1989-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், வறியோர் வாழும் பகுதிச் சிறுவர்களுக்காகத் தொடங்கிய ஆர்.பி.ஐ. என்னும் பேஸ்பால் திட்டம் இன்று பெண்களின் சாஃப்ட்பாலையும் அரவணைத்துக்கொண்டது. ஆகவே வழி இல்லாமல் இல்லை; மனம்தான் வேண்டும்.

மாணவியரும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தன் ஆட்டத்தைப் படம்பிடித்து, மதிப்பெண்களையும் சேர்த்துக் கல்லூரிப் பயிற்சியாளருக்குத் தானே கடிதம் எழுதலாம்; அதை எந்த விதியும் தடுக்கவில்லை. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் ஆட்டத்துக்கென உதவித்தொகை தருவதில்லை. ஆனால் படிப்புக்கும் வறுமைக்கும் உதவி தருகின்றன. மட்டை பிடிக்கும் கை புத்தகத்தையும் பிடித்தால், ஒரு கதவு மூடினாலும் மறு கதவு திறக்கும்.

கடல் கடந்த நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். நம் கல்லூரிகளிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. அதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குப் போட்டி வேண்டும். போட்டிக்குப் போகப் பேருந்துக் கட்டணமும் நல்ல காலணியும் வேண்டும். அவை இல்லாமையால் பெயர்ப் பட்டியலிலிருந்து தானாகவே விலகிக்கொள்ளும் தோழி நம் வகுப்பிலும் இருக்கக்கூடும். அவளுக்காக ஒரு காலணி நிதி தொடங்குவது நமக்கு இயலாத காரியமா?

நற்செய்தியில் வரும் தாலந்து உவமையை அறியாதவர் நம்மில் இல்லை. தாலந்தைப் புதைத்து வைத்தவனைத் தலைவன் கடிந்துகொண்டான். தன் தாலந்தைத் தானே புதைத்தவனுக்கே அக்கண்டிப்பு என்றால், பிறர் தாலந்தைப் பணமின்மையால் புதையுண்டு போகவிடும் சமுதாயம் இறைவன்முன் என்ன பதில் சொல்லும்? திறமையைத் தந்தவர் அவர். அதற்குச் சுங்கம் வாங்க நமக்கு உரிமை இல்லை. நம்மால் இயன்ற ஒரு விளக்கையேனும் குன்றின்மேல் ஏற்றி வைப்போமாக!