கிட்டுவுக்கு நோ என்ட்ரி!

மக்களே, இந்த வாரம் அட்வைஸ் இல்லை, வாக்குமூலம்.

எங்க வீட்டுல கிட்டுன்னு ஒரு கடுவன் பூனை. அடைமழையில காலேஜ் சைக்கிள் ஸ்டாண்டுல நடுங்கிட்டிருந்த குட்டியைப் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். "பத்தே நாள்ல யாருக்காவது கொடுத்துடறேம்மா"ன்னு சத்தியம் வேற. அது ஆச்சு மூணு வருஷம்.

அப்போ இருந்தே தங்கச்சிக்குக் காலையில எழுந்ததும் வரிசையா தும்மல், கண் அரிப்பு. "பூனை முடி மூக்குல ஏறுது"ன்னு பாட்டி தீர்ப்பு சொன்னாங்க. நானும் தினம் சீப்பு வச்சு கிட்டுவுக்கு வாரி விட்டேன். தும்மல் ஜாஸ்தியானா மெடிக்கல் ஷாப்ல ஒரு சிட்ரிசின். மேட்டர் ஓவர். ராத்திரி எல்லாரும் தூங்கினதும் பூனை போல எழுந்து, பூனைக்கே கதவைத் திறந்து விட்டதும் அடியேன்தான். நானும் தங்கச்சியும் படுக்கிறது ஒரே ரூம்.

மூணு மாசம் முன்னாடி ஒரு ராத்திரி, ரெண்டு மணி இருக்கும். அவ எழுந்து உட்கார்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கறா. நெஞ்சுக்குள்ள விசில் சத்தம். பேச்சு வரலை. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நெபுலைசர் மாஸ்க்குக்கு மேலே தெரிஞ்ச கண்ணு ரெண்டும் என்னையே பார்த்துச்சு. கதவைத் திறந்தது யாருன்னு அவளுக்குத் தெரியும். கடைசி வரை வீட்டுல சொல்லலை.

விடிஞ்சதும் அப்பா கோணிப்பையோட ரெடி. "மார்க்கெட்ல விட்டுட்டு வா. மீன் தலையைத் தின்னு பொழைச்சுக்கும்." வீட்டுச் சோறு தின்ன பூனை மார்க்கெட் நாய்ங்க நடுவுல எத்தனை நாள் தாங்கும்? தங்கச்சிதான், "முதல்ல டாக்டரைக் கேட்போம்ப்பா"ன்னா.

அலர்ஜி டாக்டர் ஒரு வாரம் சிட்ரிசினை நிறுத்தச் சொல்லி, அப்புறம் கையில சொட்டுச் சொட்டா மருந்து வச்சு, லேசா குத்தி டெஸ்ட் பண்ணார். இருபது நிமிஷத்துல ரெண்டு இடம் கொசு கடிச்ச மாதிரி தடிச்சிடுச்சு. ஒண்ணு பூனை. இன்னொண்ணு, மெத்தையிலயும் தலையணையிலயும் குடியிருக்கிற, கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி. பாவம் கிட்டு, பாதிப் பழியைத்தான் அது சுமக்கணும்.

அதோட முடியும் குற்றவாளி இல்லையாம். பூனையோட எச்சில்லயும் தோல் சுரப்பியிலயும் 'ஃபெல் டி 1'னு ஒரு புரோட்டீன் இருக்கு. அது நக்கி நக்கிக் குளிக்குதே, அப்போ உடம்பெல்லாம் பூசிக்கும். காய்ஞ்சு தூளாகிக் காத்துல மணிக்கணக்கா மிதக்கும். சுவர், திரைச்சீலை, என் டி-ஷர்ட் எல்லாத்துலயும் ஒட்டிக்கும். பூனையை வெளியே அனுப்பினாலும் வீட்டை விட்டு அது முழுசாப் போக மாசக்கணக்காகும். முடியே இல்லாத ஜாதிப் பூனைக்கும் இது உண்டு. 'அலர்ஜி வராத பூனை'ன்னு யாராவது காசு கேட்டா ஏமாறாதீங்க.

டாக்டரோட முதல் சாய்ஸ், பூனையை வேற வீட்டுக்கு மாத்தறதுதான். மறைக்க மாட்டேன். கெஞ்சிக் கூத்தாடி மூணு மாசம் டைம் வாங்கினோம். தினசரி இன்ஹேலர் கண்டிப்பா போடணும். "பழகிடும்"னு பாட்டி பயந்தாங்க. பழகாது, வீசிங் வராம தடுக்கிறதே அதுதான்னு புரிய வச்சார். சிட்ரிசின் தும்மலுக்குத்தான், வீசிங்குக்கு உதவாதுங்கறதும் அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சது.

பெட்ரூம்ல கிட்டுவுக்கு நோ என்ட்ரி. பழைய இலவம்பஞ்சு மெத்தைக்கு ஜிப் வச்ச உறை. வாராவாரம் பெட்ஷீட், தலையணை உறை எல்லாம் கொதிக்கிற வெந்நீர்ல. துடைப்பத்துக்குப் பதிலா ஈரத்துணி, ஃபேன் இறக்கை உட்பட எல்லாம் என் டிபார்ட்மென்ட். கிட்டுவைக் கொஞ்சினா சட்டை மாத்தாம ரூமுக்குள்ள நான் போகக் கூடாது. கருத்தடை ஆபரேஷனும் ஆச்சு. கடுவன்களுக்கு அதுக்கப்புறம் அந்தப் புரோட்டீன் குறையுமாம். குளிப்பாட்டியும் பார்த்தோம். சில நாள்ல பழைய கதைதான், கையில கீறல் மட்டும் மிச்சம்.

தினம் காலையில தங்கச்சி பீக் ஃப்ளோ மீட்டர்ல ஊதி, நம்பரை நோட்டுல எழுதறா. நம்பர் இறங்க ஆரம்பிச்சா கிட்டு தாம்பரம் அத்தை வீட்டுக்கு. அத்தையும் ஓகே சொல்லிட்டாங்க. நானும் அப்பாகிட்ட ஒத்துக்கிட்டேன். அவ மூச்சை வச்சு நான் பூனை வளர்க்க முடியாது.

இன்னிக்கு எண்பதாவது நாள். நம்பர் இதுவரை இறங்கலை. ராத்திரியானா கிட்டு கதவைப் பிறாண்டும். அவ தூங்கிட்டாளேன்னு நான் மெதுவா எழுந்தா, இருட்டுல குரல் வரும்.

"அண்ணா... படு."