நரம்பும் முறுக்காணியும்

நிலவெறிக்கும் இரவிலே மட்டக்களப்பு வாவியில் தோணி செலுத்திச் சென்று, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையிற் காதை வைத்துக் கேட்பது அப்பகுதியாரின் பழைய வழக்கம். கல்லடிப் பாலத்தருகே நீரடியிலிருந்து எழும் இன்னொலியைப் பாடும் மீனின் ஒலி என்பர். துடுப்பு நீரைத் தள்ளுதற்காகச் செய்யப்பட்டது. அதனையே செவிக்கருவியாகவும் ஆக்கிக்கொண்டது அம்மக்களின் நுண்ணறிவன்றோ!

அவ்வாவியின் இசையை நீரரமகளிரின் பாடலாகக் கண்டவர் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947). இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவர், வழக்கொழிந்த யாழை நூற்சான்றும் கணக்கும் கொண்டு ஆராய்ந்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது. யாழின் உறுப்புகளுள் மாடகம் என்பது நரம்பை வலித்து முறுக்குதற்குரியது என்பர். நரம்பு உள்ள இடத்தில் அதனை முறுக்கும் கருவியும் வேண்டும் என்பதைப் பண்டைத் தமிழர் நன்கறிந்திருந்தனர்.

இன்றைய பியானோவிலோ இவ்வேலை மிகப் பெரிது. 88 கட்டைகளுக்கு ஏறத்தாழ 220 எஃகு நரம்புகள் உள்ளன. அவையனைத்தும் இழுக்கும் விசை 18 தொன் அளவினது. நீளமும் பருமனும் மாறாத நரம்பின் சுருதியை இரட்டிக்க வேண்டின், இழுவிசை நான்கு மடங்காதல் வேண்டும். இவ்விசையைத் தாங்கி நிற்பது மரப்பலகையில் இறுக அறையப்பட்ட முறுக்காணி. ஆணியின் துளையில் நரம்பின் நுனியைச் செருகி, மூன்று சுற்றுச் சுற்றி, ஆணியை அறைந்தபின், சுற்றுகள் ஒன்றோடொன்று நெருங்குமாறு சிறு நெம்பியால் தூக்கி இறுக்குவர்.

இவ்விடத்திலேதான் தொல்லை தோன்றும். சுற்றுகளிடையே வெளி விழும். ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சில வேளை நரம்பே அறும். உடனே நாம் கையையோ நரம்பையோ நோவோம். முதலில் நோக்கவேண்டியது நெம்பியை. அதன் முனை தடித்திருந்தால் அடுத்தடுத்த ஆணிகளின் நடுவே நுழையாது. முனை சமமாயிருந்தால் சுற்றிலிருந்து வழுக்கும். விளிம்பு கூராயிருந்தால் நரம்பிற் கீறல் விழும். அக்கீறலே பின்னர் அறும் இடமாகும்.

ஆதலின் இரு பக்கங்களையும் சிறிது தேய்த்து, முனையில் ஆழமில்லாத பள்ளமொன்று அராவி, விளிம்புகளை உப்புத்தாளால் மழுக்குதல் வேண்டும். சாணையிற் பிடிக்கும்போது அடிக்கடி நீரில் தோய்த்தல் வேண்டும். எஃகு சூடேறி நீலநிறம் கொண்டால் அதன் துவைச்சல் கெட்டது என்றறிக. முனை மென்மையாகி, முதல் வேலையிலேயே வளைந்துவிடும்.

ஆணியைத் திருப்பும் சாவியும் இவ்வாறே. அதன் குழிவு தேய்ந்து ஆடினால் ஆணியின் சதுரத் தலை உருளும். தாளைச் செருகிச் சமாளித்தல் தகாது. பொருந்தும் அளவுள்ள முனையை மாற்றுதலே முறை. ஆணி இறுகியிருக்கிறதென்று எண்ணெய் விடுதல் பெரும் பிழை. எண்ணெய் மரத்தில் ஊறினால் ஆணி நிற்காது, சுருதியும் நில்லாது.

உப்புக்காற்று வீசும் வாவிக்கரையில் இன்னும் ஓர் எச்சரிக்கை தேவை. வியர்வைக் கை பட்ட நரம்பை உடனே உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும். எஞ்சிய நரம்பை ஈரம் புகாத தகரப் பெட்டியில் வைத்தல் வேண்டும். கண்ணாடி அணியாது நரம்பை முறுக்குதல் ஆகாது. அறும் நரம்பு சாட்டையெனப் பாயும்; அது கண்ணிற் பட்டால் எந்தக் கருவியாலும் அதனைச் செப்பனிட முடியாது.

கெட்ட நரம்பை மாற்றலாம். தளர்ந்த ஆணிக்குப் பருத்த ஆணி இடலாம். பலகையே கெட்டால், பிள்ளைகள் பல்லாண்டு வாசிக்கக்கூடிய பியானோ வெறும் மேசையாகும். பெரும்பாலும் அந்நிலைக்குக் காரணம், பொருந்தாத கருவியைப் பொறுமையின்றி அழுத்திய ஒரு கணமே.

மாணவர்களே, வேலை பிழைக்கும்போது கையின் வலிமையைக் கூட்டாதீர்கள். கருவியை வெளிச்சத்திற் பிடித்து ஒருமுறை பாருங்கள்.