கைப்பக்குவம் என்னும் ஏமாற்று

தமிழ்ச் சமையலறையில் ஆகப்பெரிய புகழ்ச்சொல் எது என்று கேட்டால் ‘கைப்பக்குவம்’ என்பேன். ஆகப்பெரிய ஏமாற்று எது என்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். “அவ கை பட்டாலே ருசிதான்” என்று ஒருத்தியைப் பாராட்டும்போது மூன்று காரியங்களைச் சத்தமில்லாமல் முடித்துவிடுகிறோம். அவளுடைய அறிவைக் கையில் இறங்கிய வரமாக மாற்றுகிறோம். வரத்தைக் கற்றுக்கொள்ள முடியாது என்பதால் வீட்டு ஆண்களுக்கு விடுதலை பத்திரம் எழுதிக் கொடுக்கிறோம். அவள் போன பிறகு “அந்தக் கையோட போச்சு” என்று பெருமூச்சு விட்டுக் கணக்கை மூடுகிறோம்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் தொழிலில் ஒரு விஷயம் ஒருவருக்கு மட்டுமே தெரியும் என்றால் யாரும் கைதட்ட மாட்டார்கள், பயப்படுவார்கள். நாளைக்கே அவர் வேலையை விட்டால் என்ன கதி என்று, உட்காரவைத்து எழுதி வாங்கிவிடுவார்கள். வீட்டுக்குள் மட்டும் நாம் நேரெதிராக நடந்துகொள்கிறோம்.

இதை எனக்குப் புரியவைத்தது மிளகாய். சில வருடங்களாக ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வீட்டில் மிளகாயைப் புளிக்கவைத்து ஹாட் சாஸ் செய்துவருகிறேன். செய்முறை சின்னது. பழுத்த மிளகாய் 500 கிராம், பூண்டு 50 கிராம், தண்ணீர் 450 கிராம். மொத்தம் ஒரு கிலோ. அதில் 3 சதவீதம், அதாவது 30 கிராம் உப்பு. மிளகாய் தண்ணீருக்கு மேலே தலைகாட்டாதபடி ஒரு கனத்தை வைத்து அமுக்கி, வாயு வெளியேற வழிவிட்டு மூடிவைக்க வேண்டும். மற்றதை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பார்த்துக்கொள்ளும். அவை மிளகாயின் தோலிலேயே இருப்பவை. உப்பைத் தாங்கி நிற்பவை. மிளகாயில் இருக்கும் சர்க்கரையை அமிலமாக்கி, அழுகவைக்கும் கிருமிகளை வெளியே தள்ளிவிடும். பிஎச் அளவு 4.6க்குக் கீழே இறங்கிவிட்டால் பொட்டுலிச விஷத்தை உண்டாக்கும் பாக்டீரியா வளர முடியாது. அதற்கென்று தாள் விற்கிறது, நனைத்துப் பார்த்துக்கொள்ளலாம். 20 டிகிரி குளிரில் இரண்டு மூன்று வாரம் எடுக்கும் என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்வது எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். அதனால்தான் உப்பையும் ஒரு பிடி கூட்டிப் போடுகிறேன்.

என் குப்பியைப் பார்த்த ஆச்சி சொன்னது: “இது மோர் மிளகாய்க்கு ஊறப்போட்டதுதானல? இதுக்கு எதுக்கு இம்புட்டு சட்டம்?”

ஆச்சி சொன்னது சரி. மோர் மிளகாயும் புளிக்கவைத்த மிளகாய்தான். மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பாயில் உலர்த்தி, சாயங்காலம் மறுபடி அதே மோரில் போட்டு, மோர் வற்றும்வரை இதையே செய்து கடைசியில் சருகாகக் காயவைப்பது. பாக்டீரியாவை மோரிலிருந்து எடுத்துக்கொள்கிறோம், வெயிலால் முடித்துவைக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

“எவ்வளவு உப்பு ஆச்சி?”

“கண்ணளவுதாம்ல. ஒரு கை.”

அந்த ஒரு கை உப்பை வாங்கித் தராசில் வைத்துப் பார்த்தேன். மூன்று தடவை அள்ளச் சொன்னேன். மூன்று தடவையும் ஒன்றிரண்டு கிராம்தான் வித்தியாசம். அறுபது வருடம் ஒரே அளவை அள்ளி அள்ளித் தீர்ந்த கை அது. வரமா அது? அளவு. எழுதிவைக்கப்படாத அளவு.

“நம்ம மரபில் அளக்கிற பழக்கமே கிடையாது, எல்லாம் உணர்வுதான்” என்று சிலர் கிளம்புவார்கள். ஆழாக்கும் உழக்கும் நாழியும் மரக்காலும் யாருடைய சொற்கள்? கைமாற்றாகக் கொடுத்த அரிசியை உழக்கில் தலைதட்டித் திரும்ப வாங்கியவர்கள்தானே நாம்? எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் ‘சமைத்துப் பார்’ புத்தகத்தை அளவுகளோடுதானே எழுதினார்? அளவு நமக்குப் புதிதில்லை. பெண்ணின் வேலைக்கு அளவு வேண்டாம் என்பதுதான் நம் பழக்கம்.

உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடிப் பக்கம் போனால் உப்பளங்கள் விரிந்து கிடக்கும். அங்கே கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவைக்கும்போது அதன் அடர்த்தியை போமே டிகிரியில் அளக்கிறார்கள். சுமார் 25 டிகிரியில் உப்பு படிகமாக விழத் தொடங்கும். 29, 30ஐத் தொட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்துகொள்ளும் என்பதால் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். கண் கூசும் அந்த வெள்ளையில், கால் வெடிக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு டிகிரி என்றால் என்னவென்று தெரியும். அப்படி அளந்து எடுத்த உப்பு அடுக்களைக்குள் நுழைந்ததும் ‘ஒரு கை’ ஆகிவிடுகிறது. விற்கிற பொருளாக இருக்கும்வரை எண், வீட்டு வேலையாக மாறியதும் மாயம்.

கண்ணளவை என்ன செய்திருக்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு உதாரணம் இருக்கிறது. லூசியானாவில் ஏவரி ஐலண்ட் என்ற உப்புப் பாறை மேட்டில் 1868இல் எட்மண்ட் மெக்கில்ஹென்னி தொடங்கியதுதான் டபாஸ்கோ. மிளகாயை உப்போடு அரைத்து ஓக் பீப்பாயில் மூன்று வருடம் வரை புளிக்கவிட்டு, வினிகர் சேர்க்கிறார்கள். மிளகாய் எந்தச் சிவப்பில் பறிக்கத் தயார் என்பது பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். அவர்கள் அந்தச் சிவப்பை ஒரு சின்னக் குச்சியில் பூசிப் பறிப்பவர்கள் கையில் கொடுத்தார்கள். சின்னச் சிவப்புக் குச்சி என்றுதான் அதற்குப் பிரெஞ்சில் பெயர். ஒருவரின் கண் பலருடைய கைக்கு வந்துவிட்டது. அதில் முதலாளியின் லாபக்கணக்கு இருக்கிறது என்பதும் தெரிந்ததுதான். ஆனால் நம் வீட்டில் அந்தக் குச்சியை யாரும் செய்யவில்லை. செய்திருந்தால் வேலையையும் பங்கு போட்டிருக்க வேண்டுமே.

ருசி தொலைந்துபோகிறது என்பது பாதி நஷ்டம்தான். மீதி இன்னும் மோசம். காரணம் தெரியாத இடத்தில் பழி வந்து உட்காரும். ஊறுகாய் ஜாடியில் பூஞ்சை பிடித்தால் நம் வீடுகளில் முதலில் என்ன கேட்பார்கள்? “தூரமானவ எவளாவது தொட்டாளா?” மாதவிடாய் நாளில் ஜாடி இருக்கும் பக்கம் போகாதே என்று எத்தனை தலைமுறைப் பெண்களை நிறுத்திவைத்திருக்கிறோம். தொடலாம் என்று சொன்ன ஒரு நாப்கின் விளம்பரம் 2015இல் கான் விளம்பர விழாவில் பெரிய பரிசு வாங்கியது. நல்லதுதான். ஆனால் ஜாடி ஏன் கெடுகிறது என்பதையும் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். உப்பு குறைந்திருக்கும். மிளகாய் நீர்மட்டத்துக்கு மேலே வந்து காற்றுப் பட்டிருக்கும். அகப்பை ஈரமாக இருந்திருக்கும். எந்த உடம்பிலும் எந்த நாளிலும் இந்த மூன்றுதான் காரணம்.

லாக்டிக் அமில நொதித்தலுக்கு உயிரிகளே காரணம் என்று பாஸ்டர் எழுதியது 1857இல். அதற்கு முன்னால் இருந்தவர்களுக்குத் தெரிய வழியில்லை. அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும், பொறியியல் பட்டத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு, அம்மாவைப் பார்த்து “நீங்க தொட்டீங்களா?” என்று கேட்கிறவனை என்ன சொல்வது?

இரண்டு கூட்டத்தார் இங்கே என்னோடு சண்டைக்கு வருவார்கள். முதலாமவர் பாரம்பரியப் பெருமைக்காரர்கள். மோர் மிளகாய் ஐயாயிரம் வருட ரகசியம், கிராம் கணக்குப் போட்டால் அதன் ஆன்மா செத்துவிடும் என்பார்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. அவர்கள் நம் முத்துக்குளித்துறைக்கு வந்திறங்கியதும் அதே நூற்றாண்டில்தான். ஊருக்குப் புதிதாக வந்த காய்க்கு மிளகை நினைத்துப் பெயர் வைத்து, இருந்த மோரையும் உப்பையும் வெயிலையும் கொண்டு சோதித்துப் பார்த்து ஒரு முறையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சோதித்தவர்களைச் சாமியாக்கிவிட்டால் சோதனை நின்றுவிடும்.

இரண்டாமவர் என்னைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள். 2018இல் வந்த நோமா உணவகத்தின் நொதித்தல் புத்தகத்தில் 2 சதவீத உப்பு என்று பார்த்தால் “அறிவியல்” என்று சிலிர்ப்பார்கள். அதே வேலையைப் பக்கத்து அறையில் அம்மா செய்தால் “அம்மா கைப்பக்குவம் ப்ரோ”. நான் பார்த்தவரை இதில் ஆண்களே அதிகம். தூத்துக்குடிக் கல்லுப்பு கடையில் இருக்க, பாகிஸ்தானின் கேவ்ராவில் வெட்டிய இளஞ்சிவப்பு உப்பை ஆன்லைனில் வாங்குவார்கள். எண்ணில் எழுதிய ஆண் நிபுணன். கையில் வைத்திருக்கும் பெண் தெய்வம். தெய்வத்துக்குச் சம்பளமும் கிடையாது, ஓய்வும் கிடையாது.

எழுதிவிட்டால் ருசி செத்துவிடாது. ஸ்வரம் எழுதிவைத்ததால் பாட்டு சாகவில்லை. எழுதிய அளவைப் பிடித்துக்கொண்டு எவனும் செய்யலாம், பிறகு தன் நாக்குக்கு ஏற்றபடி மாற்றலாம். அந்த ‘எவனும்’ என்ற சொல்தான் சிலருக்கு உறுத்துகிறது. எவனும் செய்யலாம் என்று ஆகிவிட்டால் அவனும் செய்ய வேண்டும் அல்லவா.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு தராசை எடுத்துக்கொண்டு போங்கள். அம்மாவோ ஆச்சியோ பெரியம்மாவோ மிளகாய் ஊறப்போடும் நாளில் கூட நில்லுங்கள். ஒவ்வொரு கையையும் ஜாடிக்குள் விழுமுன் எடை பாருங்கள். பூஞ்சை பிடித்தால் அதையும், ஏன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குப்பியின் மேல் ஒரு தாளை ஒட்டி நான்கு விஷயம் எழுதுங்கள்: தேதி, மிளகாயின் எடை, உப்பின் எடை, அளவு சொன்னவரின் பெயர். அதற்கடுத்த முறை, அந்தத் தாளைப் பார்த்து நீங்கள் ஊறப்போடுங்கள். அவர் உட்கார்ந்து டீ குடிக்கட்டும்.