எண்ணெய் உஷ்ணமானிக்கு உரிய இடம்

வானிலை நிலையங்களில் உஷ்ணமானியைத் தரைக்கு மேல் ஏறத்தாழ நான்கடி உயரத்தில், காற்றோட்டமுள்ள மரக்கூண்டுக்குள் வைப்பது வழக்கம். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயரின் வெப்பநிலையைச் சென்னையின் வெப்பநிலையோடு ஒப்பிட முடிவது, இரண்டும் இவ்வாறு ஒரே முறையில் அளக்கப்பெறுவதனாலேயே. அளக்கும் இடம் மாறினால் அளவின் பொருளும் மாறிவிடும். பழைய சிறு விமானங்களின் எஞ்சின் எண்ணெய்க்கும் இவ்விதி பொருந்தும்.

1958-இல் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த 'புஷ்பக்' விமானத்தை உதாரணமாகக் கொள்ளலாம். அதன் காண்டினென்டல் எஞ்சின் 90 குதிரைத்திறன் உடையது. அடித்தொட்டியிலுள்ள எண்ணெயைப் பம்பு உறிஞ்சி, கம்பிவலை வடிகட்டியின் வழியே பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. உஷ்ணமானியின் குமிழ் அவ்வடிகட்டியின் உறையில் பொருத்தப்பெறுகிறது. ஆகவே முள் காட்டுவது, பேரிங்குகளை அடையவிருக்கும் எண்ணெயின் வெப்பம். முகப்பிலுள்ள சிவப்புக் கோடு அவ்விடத்திற்கென்றே வகுக்கப்பெற்றது.

பழைய குழாய் உஷ்ணமானி பழுதுற்றாலோ, புதுவகை வடிகட்டி பொருத்தப்பெற்றாலோ, குமிழை அடித்தொட்டியின் வடிகால் துளைக்கு மாற்றுவது எளிதாகத் தோன்றும். ஆயின், அங்குள்ள எண்ணெய் எஞ்சினைச் சுற்றி வந்து வடிந்தது. வெளிக்காற்று மோதும் உலோகத்தை ஒட்டி நிற்பது. அதன் வெப்பம் வடிகட்டியின் அருகிலுள்ள வெப்பத்திற்கு ஒத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. எண்ணெயைக் குளிர்விக்கும் சாதனமுள்ள எஞ்சின்களில் இவ்வேற்றுமை மேலும் பெரிது.

நாளடைவில் விமானி புதிய அளவுக்குப் பழகிவிடுவார் என்று சிலர் கூறுவர். இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. விமானம் கைமாறும், சிவப்புக் கோடு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். முள் குறைத்துக் காட்டினால், எண்ணெய் இளகி அழுத்தம் குன்றுவதை விமானி காலந்தாழ்த்தியே அறிவார். மிகைத்துக் காட்டினால், எண்ணெய் போதிய சூடேறிவிட்டதென நம்புவார். எரிதலால் எஞ்சினுள் சேர்ந்த நீர் ஆவியாகி வெளியேறாது தங்கித் துருவை விளைவிக்கும்.

ஈரமும் உப்பும் மிகுந்த அந்தமான் நிகோபார் தீவுகளின் காற்றில் இத்தவறு இருமடங்கு ஆபத்தானது. மின்சார உஷ்ணமானியின் இணைப்புகள் அங்கு எளிதில் அரிக்கப்பெற்றுப் பொய்யளவு காட்டும். லிட்டில் அந்தமானுக்கும் கார் நிகோபாருக்கும் இடையிலுள்ள பத்து டிகிரிக் கால்வாய் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலமுள்ளது. ஒற்றை எஞ்சின் விமானம் அதனைக் கடக்கும் வேளையில் இறங்குவதற்கு நிலமில்லை. விமானிக்குக் கருவிகளே துணை.

ஆதலின், குமிழை இடம் மாற்றாதிருப்பதே நன்று. தவிர்க்க இயலாதெனில், முதலில் புதிய குமிழைக் கொதிநீரிலிட்டுச் சோதித்தல் வேண்டும். கடல்மட்டத்தை ஒட்டிய இடங்களில் அது 100 டிகிரி சென்டிகிரேடைக் காட்ட வேண்டும். அடுத்து, பழைய குமிழையும் புதியதையும் ஒருங்கே பொருத்தி, தரையிலும் வானிலும் இரண்டின் அளவுகளையும் குறித்து ஒப்பிடல் வேண்டும். பின்னர், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகளின்படி அனுமதி பெற்றுச் சிவப்புக் கோட்டைத் திருத்தி, விமானத்தின் பதிவேட்டிலும் எழுதுதல் அவசியம். கோட்டைத் திருத்தாமல் குமிழை மட்டும் மாற்றுவது பழுதுபார்த்தலாகாது. அடுத்த விமானிக்குப் பொய்த்தகவல் விட்டுச் செல்வதேயாகும்.