பெர்க்லி பல்கலைக்கழகக் கட்டிடங்களின் நிலநடுக்கப் பாதுகாப்பு

பெர்க்லி பல்கலைக்கழகக் கட்டிடங்களின் நிலநடுக்கப் பாதுகாப்பு என்பது, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பெர்க்லி வளாகத்தின் கட்டிடங்களை மதிப்பிடுதல், வலுவூட்டுதல், அவற்றில் உள்ளோரை வெளியேற்றத் திட்டமிடுதல் ஆகியவற்றைக் குறிக்கும். ஹேவர்ட் எனப்படும் நிலப்பிளவு இவ்வளாகத்தின் கிழக்கு ஓரத்தினூடாகச் செல்கின்றது.

பின்னணி

கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1868 மார்ச்சில் நிறுவப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 21 ஆம் நாள் இப்பிளவில் ஏறத்தாழ 6.8 அளவு கொண்ட நிலநடுக்கம் நிகழ்ந்து, சுமார் 30 பேர் இறந்தனர். அதன் பின்னர் இப்பிளவில் அத்தகைய பெரிய நிலநடுக்கம் ஏற்படவில்லை. எனினும் பிளவின் இரு பக்கங்களும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் ஓசையின்றி நகர்ந்துகொண்டே இருக்கின்றன. 1923 இல் திறக்கப்பட்ட நினைவு விளையாட்டரங்கு பிளவின் மேலேயே கட்டப்பட்டதால், இந்நகர்வு அதன் சுவர்களில் வெடிப்புகளாக வெளிப்பட்டது.

மதிப்பீடு

1997 இல் வளாகம் முழுவதையும் ஆராய்ந்தபோது, கட்டிடப் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது 'மோசம்' அல்லது 'மிக மோசம்' என்னும் தரத்தைப் பெற்றது. பழமையான கட்டிடங்களே ஆபத்தானவை என்று எண்ணுவது இயல்பு. ஆனால் 1950களிலும் 1960களிலும் எழுந்த கொங்கிறீற்றுக் கட்டிடங்களே பெரும் கவலைக்குரியனவாக உள்ளன. இவற்றின் தூண்களில் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்கள் இடைவெளி விட்டே இடப்பட்டிருந்தன. அதிர்வின்போது இத்தகைய தூண்கள் வளைந்து கொடுக்காமல் உடைந்து நொறுங்கக்கூடும். 1971 ஆம் ஆண்டின் சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்தில் இக்குறை தெளிவானதை அடுத்துக் கட்டிட விதிகள் மாற்றப்பட்டன.

உயிரிழப்பு மட்டுமே இழப்பு அன்று. கட்டிடக்கலைப் பேராசிரியர் மேரி கொமேரியோ 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ஆராய்ச்சி நிதியின் பெரும்பகுதி ஒரு சில கட்டிடங்களிலேயே குவிந்திருப்பதைக் காட்டியது. அவை மூடப்பட்டால், இடிந்து விழாவிட்டாலும் பல்கலைக்கழகம் நீண்டகாலம் முடங்கிப்போகும்.

வலுவூட்டல்

1907 இல் திறக்கப்பட்ட ஹேர்ஸ்ட் சுரங்கவியல் கட்டிடம் இறப்பரும் உருக்கும் சேர்ந்த தாங்கிகளின் மேல் அமர்த்தப்பட்டு, 2002 இல் பணி நிறைவுற்றது. விளையாட்டரங்கில் பிளவின் மேலுள்ள பகுதிகள் பிரிக்கப்பட்டு, தனித்தனியே நகரத்தக்க தொகுதிகளாக மீளக் கட்டப்பட்டு, 2012 இல் மீண்டும் திறக்கப்பட்டன. உளவியல் துறை இருந்த டோல்மன் மண்டபமோ 2019 இல் இடிக்கப்பட்டது. எல்லாவற்றையும் ஒரே வேளையில் செய்ய நிதி இல்லாமையால், எக்கட்டிடம் முதலில் என்பதே நிருவாகத்தின் கடினமான கேள்வியாக இருந்து வருகின்றது. அதுவரை, குறைந்த தரமுடைய கட்டிடங்கள் சிலவற்றிலும் வகுப்புகள் நடக்கின்றன.

வெளியேற்றத் திட்டம்

தீ விபத்துக்கான வெளியேற்ற முறையை அப்படியே நிலநடுக்கத்துக்குப் பயன்படுத்துதல் தவறாகும். அதிர்வு நடக்கும்போது ஓடுவோர் கீழே விழுவதாலும், வாயிலருகே உதிரும் கண்ணாடி, சுவர் ஓடுகள் முதலியவற்றாலும் காயமடைகின்றனர். ஆகவே தாழ்ந்து, மேசையின் கீழ் மறைந்து, அதைப் பற்றிக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகின்றது. அதிர்வு நின்ற பின்னரே, மின்தூக்கியைத் தவிர்த்து, கட்டிடத்துக்கு எனக் குறிக்கப்பட்ட திறந்தவெளிக்குச் செல்ல வேண்டும். சக்கரநாற்காலியில் உள்ளோர் மேல்மாடியில் இருந்து இறங்குவது எவ்வாறு, வேதியியல் ஆய்வுகூடத்தில் வளிக் குழாய்களை மூடுவது யார் என்பன முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டிய விடயங்கள்.

கைத்தொலைபேசிவழி முன்னெச்சரிக்கை 2019 அக்டோபர் முதல் மாநிலம் முழுவதும் கிடைக்கின்றது. அதற்கான செயலியை உருவாக்கியது பெர்க்லியின் நிலநடுக்கவியல் ஆய்வகமே. ஆயினும் அதிர்வு மையம் வளாகத்துக்கு அண்மையில் அமைந்தால், எச்சரிக்கை வருமுன்னரே நிலம் அதிரத் தொடங்கிவிடும்.

நேரத்தின் பங்கு

1994 சனவரி 17 அன்று, 6.7 அளவுடைய நிலநடுக்கம் இதே மாநிலத்தின் நோர்த்ரிட்ஜ் பல்கலைக்கழகத்தைத் தாக்கியபோது, அங்கு வாகன நிறுத்தக் கட்டிடம் ஒன்று இடிந்து மடிந்தது. அப்போது அதிகாலை 4:31. அன்று பொது விடுமுறையும் கூட. வகுப்புகள் ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின் தற்காலிகக் கூடங்களில் தொடங்கின.