கலர்ச் சோறு மந்தி ஆகாது



கடைக்காரர் சிலர் கோபிப்பீர்கள். பரவாயில்லை.

போன கிழமை ஒரு வலிமாவில் சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்தோம். கடையில் ஓடர் பண்ணிய 'மட்டன் மந்தி'. மூடியைத் திறந்தால் சோறு பாதி மஞ்சள், பாதி சிவப்பு. மேலே, குக்கரில் அவித்து எண்ணெயில் பொரித்த இறைச்சி. பக்கத்தில் இருந்த காக்கா பதினாறு வருடம் ஜித்தாவில் டிரைவராக இருந்தவர். ஒரு பிடி வைத்துவிட்டு, "சேர், இதுக்கும் மந்திக்கும் என்ன சம்பந்தம்?" என்று காதுக்குள் கேட்டார். பிள்ளையின் தகப்பன் கடன்பட்டு எடுத்த சாப்பாடு அது. அதனால் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

மந்தி என்பது மசாலாவின் பெயர் இல்லை. சமைக்கும் முறையின் பெயர். யெமனில் ஹழ்ரமௌத் பகுதிக்காரர்கள் நிலத்தில் கிடங்கு வெட்டி, உள்ளே களிமண் பூசி, விறகை எரித்துத் தணலாக்குவார்கள். கீழே அரிசிச் சட்டி, அதற்கு மேலே இளம் செம்மறியாட்டு இறைச்சி. வாயை இறுக்கி மூடிவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். கொழுப்பு உருகிச் சொட்டுச் சொட்டாகச் சோற்றில் இறங்கும். அரபியில் 'நதா' என்றால் பனி; அந்த ஈரத்தால்தான் இந்தப் பெயர் என்பார்கள். (நமக்கு மந்தி என்றதும் குரங்கு ஞாபகம் வருவது வேறு கதை.) சீரகம், ஏலம், மிளகு, மஞ்சள் என்று மசாலா கொஞ்சம்தான். ருசி ஆட்டிலும் புகையிலும் பொறுமையிலும் இருக்கிறது.

"நம்மூரில் செம்மறிக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். வெள்ளாட்டில் செய்யுங்கள், கோழியில் செய்யுங்கள், குற்றமில்லை. ஹைதராபாத்தில் நிஸாமின் படைக்கு வந்த ஹழ்ரமிகளின் சந்ததி வாழும் பார்க்கஸ், மந்திக்குப் பேர்போன இடம். ஊர் மாறினால் சாப்பாடும் கொஞ்சம் மாறும். ஆனால் கிடங்கும் இல்லை, தணலும் இல்லை, சொட்டும் கொழுப்பும் இல்லை என்றால் எதை வைத்து மந்தி என்று போர்ட் போடுகிறீர்கள்? நிறுவையில் ஐம்பது கிராம் குறைந்தால் சண்டைக்குப் போகிற ஊர் இது. பெயரில் குறைத்தால் மட்டும் ஏன் சும்மா இருக்கிறோம்?

பொரித்ததைப் பொரித்தது என்று எழுதி, அதற்குரிய விலையைப் போடுங்கள். நானும் வந்து சாப்பிடுவேன். வலிமா வைக்கிறவர்களே, நம்மூர்ச் சமையல்காரரின் புரியாணி யாருக்கும் குறைந்ததில்லை. மந்திதான் வேண்டுமென்றால், ஓடர் கொடுக்கமுதல் கடையின் பின்பக்கம் போய்க் கிடங்கைக் காட்டச் சொல்லுங்கள்.

உம்ராவுக்குப் போகிறவர்கள் ஹோட்டல் பஃபேயோடு நின்றுவிடாமல், மக்காவிலோ ஜித்தாவிலோ யெமன்காரர் நடத்தும் கடையைக் கேட்டுப் போங்கள். பகல் சாப்பாட்டு நேரத்துக்கே போங்கள், பிந்தினால் நல்ல துண்டுகள் முடிந்துவிடும். ஹனீத் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது திஹாமா, அஸீர் பக்கத்து முறை; மர்க் என்ற பாலைச்செடியின் கிளைகளோடு ஆட்டைத் தணலில் மூடி வேக வைப்பது. எலும்பைப் பிடித்து ஆட்டினாலே இறைச்சி கழன்று விழும்.