நாய்க்குப் பச்சை இறைச்சி ஏன்?



மொழியைப் பற்றியும் நாட்டைப் பற்றியும் எழுதுவோர் பலர் இருக்கும் நம் சங்க இதழில், நாயின் வயிற்றைப் பற்றி எழுத இவன் ஏன் வந்தான் என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். வாயில்லா உயிருக்குச் சோறு வைக்கும் கைக்கு, எதை வைக்கிறோம் என்று அறியும் கடமையும் உண்டு.

படிப்பின் பொருட்டுத் திருப்பதியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம்மவர் பலர் நாய் வளர்க்கின்றனர். வாடகை அறையின் தனிமைக்கு அது ஒரு துணை. சித்தூரில் வீட்டுக்கு வீடு நாய் உண்டு. அவற்றுள் சில எதைத் தின்றாலும் வயிறு கெடும் இயல்பின. இன்று கழிச்சல், நாளை வாந்தி. அத்தகைய நாய்க்குப் பச்சை இறைச்சியே மருந்து என்னும் பேச்சு இப்பொழுது பரவி வருகிறது. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993இல் எழுதிய நூலால் உலகெங்கும் பரவிய கொள்கை இது. இன்று நம் தெருக் கோழிக்கடை வரை வந்து நிற்கிறது.

அவர்களுடைய வாதம் என்ன? நாய் ஓநாயின் வழி வந்தது. ஓநாய் அடுப்பு மூட்டுவதில்லை. ஆகவே நாய்க்கும் அடுப்பு வேண்டாம் என்பது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வழி வந்தது எல்லாம் வழி மாறாமலே நிற்குமா? சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக் கழகத்தின் எரிக் ஆக்செல்சன் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பாருங்கள். மாச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்குரிய மரபணு ஓநாய்க்கு 2 பிரதிகளே. நாய்க்கோ 4 முதல் 30 வரை. மனிதனோடு வாழ்ந்து, அவன் இட்டதை உண்டு உண்டு, நாயின் உடலே மாறிவிட்டது. நம் சிற்றூர்களில் கேழ்வரகுக் களியையும் கூழையும் தின்று காவல் காத்த நாய்களை நாம் கண்டதில்லையா? சோறு தின்பது நாய்க்கு இழிவும் அன்று, நோயும் அன்று.

“பச்சை இறைச்சி கொடுத்தேன், ஒரே வாரத்தில் கழிச்சல் நின்றது” என்பார் சிலர். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விஞ்ஞானம் பயிலும் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த வாரத்தில் மாறியது இறைச்சி மட்டுமா? பால் நின்றது, பிஸ்கோத்து நின்றது, மிஞ்சிய சாம்பார் நின்றது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களையே சிதைப்பவை. இவையெல்லாம் நின்ற பின் வயிறு தெளிந்தால், புகழ் பச்சை இறைச்சிக்கா? நான்கு பொருளை ஒன்றாக மாற்றிவிட்டு, விளைவுக்கு ஒன்றை மட்டும் காரணம் காட்டினால், நம் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் மதிப்பெண் தருவாரா?

இன்னொன்றும் உண்டு. நாய்க்கு உணவு ஒவ்வாமை உண்டாக்குவனவற்றுள் மாட்டிறைச்சி, பால், கோழி ஆகியவை முன்னிற்பவை. கோழி ஒவ்வாத நாய்க்கு வெந்த கோழியை நிறுத்திப் பச்சைக் கோழியை வைத்தால் ஒவ்வாமை ஓடிவிடுமா? அன்றியும் கழிச்சலுக்குக் காரணம் குடற்புழுவாக இருக்கலாம்; கணையத்தின் குறையாக இருக்கலாம்; குட்டியானால் பார்வோ என்னும் கொடிய நச்சுயிரியாகவும் இருக்கலாம். காரணம் அறியாமல் உணவை மாற்றிக்கொண்டே இருந்தால் காலம் கழியும். சில வேளை உயிரும் கழியும்.

இனிக் கிருமிக்கு வருவோம். கனடாவில் 2002இல் வெளியான சிறு ஆய்வொன்று, 10 நாய்களுக்கு வைத்த பச்சைக் கோழி உணவைச் சோதித்தது. மாதிரிகளில் 80 விழுக்காட்டில் சால்மொனெல்லா கிருமி இருந்தது. அவ்வுணவை உண்ட நாய்களில் 30 விழுக்காட்டின் மலத்திலும் இருந்தது. பத்து நாய்களின் கணக்கு உலகத்தின் கணக்கு ஆகாதுதான். எனினும் எச்சரிக்கைக்கு அது போதும். ஏற்ற சூட்டில் இக்கிருமி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று 4 மணி நேரத்தில் 4,096 ஆகும். நம் திருப்பதிக் கோடையில் காலையில் வாங்கிய கறி நண்பகல் வரை அறையில் கிடந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிடுங்கள். பனிப்பெட்டியில் உறைய வைத்தாலும் இக்கிருமிகள் பெரும்பாலும் சாவதில்லை. உறங்கிக் கிடந்து பின் விழிக்கும். நாய் நலமாகத் தோன்றியபடியே கிருமியைச் சுமந்து திரியும். அது நக்கிய கையோடு குழந்தையும் முதியவரும் உண்ணுவர்.

இதனினும் பெரிய தீங்கு ஆட்டின் குடலிலும் ஈரலிலும் நுரையீரலிலும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் கடையில் வெட்டி எறிவதை அன்போடு வாங்கி வந்து நாய்க்குப் போடுவோர் உண்டு. அந்த உறுப்புகளில் நீர்க்கட்டி இருந்தால், அதனுள் இருக்கும் புழுவின் இளம்பருவம் நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளமுள்ள நாடாப்புழுவாக வளரும். அதன் முட்டை நாயின் மலத்தோடு வெளிவந்து, கை வழியே மனிதன் வயிற்றில் புகுந்தால், அவன் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி ஆண்டுக் கணக்காக ஓசையின்றி வளரும். ஆந்திரமும் தமிழகமும் இந்நோய் காணப்படும் பகுதிகளே. ஐஸ்லாந்து நாட்டை இந்நோய் ஒரு காலத்தில் வாட்டியது. 1860களில் தொடங்கி, நாய்க்குப் பச்சைக் குடலையும் ஈரலையும் போடாதீர் என்று வீடு வீடாகக் கற்பித்தே அந்நாடு நோயை ஒழித்தது. படிப்பறிவு பரவிய நாடு கைவிட்ட பழக்கத்தை, பட்டம் பெற வந்த நாம் கைக்கொள்வதா?

அப்படியானால் எதைக் கொடுப்பது? கடையில் விற்கும் உலர் உணவே கதி என்று நான் வாதாட வரவில்லை. வயிறு கெட்ட நாய்க்குக் குழைய வடித்த சோறும், தோலும் எலும்பும் நீக்கி உப்பு, மிளகாய், வெங்காயம் சேர்க்காமல் வேக வைத்த கோழியும் சில நாள் கொடுப்பது மருத்துவர் பலர் சொல்லும் வழி. கோழி ஒவ்வாதென்றால் வேறு இறைச்சி. ஆனால் இதையே ஆண்டு முழுதும் கொடுத்தல் ஆகாது. எலும்பு நீக்கிய இறைச்சியில் பாஸ்பரஸ் சத்து சுண்ணாம்புச் சத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேல் உண்டு. வளரும் குட்டியின் எலும்பு இதனால் நலியும். எவ்வளவு சுண்ணாம்புச் சத்துச் சேர்ப்பது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். எந்த உணவுக்கு மாறினாலும் ஒரு வாரமோ பத்து நாளோ பழையதோடு சிறுகச் சிறுகக் கலந்து மாற்றுக. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். அதைப் போடவே வேண்டாம்.

கேட்க ஆளில்லையே என்று யாரும் சொல்ல முடியாது. 1955இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இதே திருப்பதியில் இருக்கிறது. நம் சங்கம் அங்குள்ள ஆசிரியர் ஒருவரை ஒரு மாலைப் பொழுதுக்கு அழைக்கட்டும். கவியரங்கத்துக்கு இடம் தரும் நம் மேடை இதற்கும் ஒரு மணி நேரம் தரலாம், குறைந்து போகாது.

நாய் நம்மை நம்பித் தட்டின் முன் நிற்கிறது. இது வெந்ததா, வேகாததா என்று அது ஆராய்வதில்லை. அந்த ஆராய்ச்சியை நம்மிடம் விட்டுவிட்டது. படித்தவர் நாம், செய்வோம்.